பாம்புச் சட்டையில் ஊசித்துளை

மராக்கேஷில் பாம்பாட்டும் குடும்பங்கள் பல உண்டு. பாம்பின் வாயைத் தைக்காத குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். மற்றவர்கள் தூண்டில் நூலால் தைத்துவிட்டுச் சதுக்கத்தில் வீரர்களாக நடிப்பார்கள். தைத்த பாம்பு பட்டினியில் சாகும். இன்னொன்றைப் பிடிப்பார்கள்.

எங்கள் வீட்டில் பெண் கேட்பவன் என் கூடையிலிருந்து ஒரு பாம்பை எடுத்துப் போய் வளர்க்க வேண்டும். அது உரிக்கும் சட்டையைக் கிழியாமல் கொண்டுவந்தால்தான் பெண்.

என் மகள் தாமுவைக் கேட்டு மிலூத் வந்தான். அவளுக்கும் அவன்மேல் உயிர். கூடையில் கண் தெளிந்த, சுறுசுறுப்பான சின்ன நாகம் ஒன்று இருந்தது. அவன் கை தடித்த விரியனிடம் போயிற்று.

"கூட்டம் கூடுமேன்னு எடுக்கிற. வேளைக்கு எலி, தண்ணி, கதகதப்பான எடம், எல்லாம் குடுப்பியா?"

"எங்கம்மாவப் பாத்துக்கற மாதிரி பாத்துக்குவேன் மாமா."

"உங்கம்மாவத்தான் பாத்திருக்கேனே. காத்தடிச்சா விழுந்துருவா."

வசந்தத்தில் சட்டையோடு வந்தான். தலை முதல் வால்வரை கிழிசல் இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள். தாமு மகிழ்ச்சியில் புதினாத் தேநீரைக் கோப்பை வழிய ஊற்றினாள்.

நான் தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். பாம்பு உதட்டிலிருந்துதான் உரிக்கத் தொடங்கும். அந்த உதட்டோரம் நெடுக ஊசித்துளைகள்.

குலவை நின்றது.

"பாம்பக் கொண்டா."

பெட்டி வந்தது. விரியன் பழந்துணிபோலக் கிடந்தது. நாக்கு நீட்ட மட்டும் இடம் விட்டு வாயைத் தைத்திருந்தான்.

"பயமா இருந்துச்சு மாமா. ஊர்ல எல்லாரும்தானே தைக்கிறாங்க."

"தைச்ச கையாலயே பிரி."

"வாப்பா, வேணாம்! எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம், அவர விட்டுருங்க!"

"பயந்தாங்கொள்ளிக்குப் பரிஞ்சு பேசாத. உள்ள போ."

அவள் போகவில்லை. கத்தரியை நீட்டினேன். உறவுக்காரர்கள் முன்னால் மறுக்க அவனுக்கு முகமில்லை. தையலை ஒவ்வொன்றாக அறுத்தான். கடைசி முடிச்சு விட்டதும் விரியன் அவன் கட்டைவிரலைக் கவ்விற்று. கவ்வியதை விடவில்லை. நானே தாடையைப் பிரித்து எடுத்தேன், பாம்புக்கு வலிக்காமல்.

மருத்துவமனையில் அவன் வலக்கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். இப்போது எங்கள் தெருமுனையில் ஒற்றைக் கையால் புதினா விற்கிறான். நான் துரத்துவதில்லை. வாங்குவதுமில்லை.

விரியன் தேறியது. அதைத் தாமுவின் பொறுப்பில் விட்டேன்.

"அத நான் தொடமாட்டேன் வாப்பா."

"அப்ப அது பட்டினி கெடக்கட்டும். அவனுக்கும் உனக்கும் பொருத்தம்தான்னு நெனச்சுக்கறேன்."

அன்று மாலையே எலி போட்டாள்.

நேற்று புதிதாக உரித்த சட்டையை என் மடியில் வீசினாள்.

"பாத்துக்குங்க. உங்க மானத்துல ஓட்டை இல்ல."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லைதான்.