நான்காவது கட்டம்

மாணவர் கடைக்கான திட்டத்தாளில் நான்காவது கட்டத்தை நான் காலியாகத்தான் விட்டிருந்தேன். பலம், பலவீனம், வாய்ப்பு மூன்றையும் நிரப்பியாயிற்று. ‘அச்சுறுத்தல்’ என்ற கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்து எடுத்ததில் ஒரு நீலப் புள்ளி மட்டும் விழுந்திருந்தது. வெனிங் டீச்சர் என் மேசையருகே வந்து நின்றார். க்ளாத்தென் நகரில் எங்கள் தொழிற்பள்ளியின் சமையல் பிரிவுக்கு அந்த வருடம் தொழில்முனைவு கட்டாயப் பாடம். வேலை கேட்டு நிற்காதீர்கள், வேலை கொடுங்கள் என்று தலைமையாசிரியர் தினமும் காலைக் கூட்டத்தில் சொல்லுவார்.

“போட்டியே இல்லாத கடை உண்டா முர்னி? கண்ணத் தொறந்து பாரு” என்றார் டீச்சர். அவர் பார்வை ஜன்னல் வழியாகப் பள்ளி வாசலுக்குப் போய்த் திரும்பியது. அங்கே என் அம்மாவின் தள்ளுவண்டி நின்றது. தினமும் அவரும் அதில்தான் வாங்கித் தின்பார்.

‘வாசலில் பலகார வண்டி’ என்று எழுதினேன்.

எழுத ஆரம்பித்ததும் கை நிற்கவில்லை. பத்து மணிக்கு இடைவேளை மணி அடிக்கும்போதுதான் மாவில் தோய்த்த தெம்பே சோயாத் துண்டு எண்ணெயில் இறங்க வேண்டும், முன்பே பொரித்தால் துவண்டுவிடும். விளையாட்டு வகுப்பு இருப்பதால் புதன்கிழமை இரண்டு மடங்கு மாவு. பரீட்சை நாட்களில் வாழைப்பழ வறுவல். ஒரு பலகாரத்துக்கு ஒரு பச்சை மிளகாய் இலவசம், கடித்துக்கொள்ள. காவலாளி வார்சோவுக்கு முதல் ஈட்டில் இரண்டு, கம்பிக் கதவின் இடுக்கு வழியாக. அம்மா பத்து வருடத்தில் கற்றதையெல்லாம் ‘சந்தை ஆய்வு’ என்ற தலைப்பின் கீழ் நான் ஒரே மணி நேரத்தில் எழுதி முடித்தேன். இவ்வளவு துல்லியமாக எங்கிருந்து கிடைத்தது என்று டீச்சர் கேட்டார். “வேற எங்க, அவ வீட்டு அடுப்படியிலதான்” என்றாள் பக்கத்தில் இருந்த யூயுன். வகுப்பு சிரித்தது. எனக்கு வெட்கமாக இல்லை. அம்மாவின் எண்ணெய் நாற்றம் முதல்முறையாக அறிவு என்று மதிக்கப்பட்டது போல இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திட்டம் மாவட்டப் போட்டிக்குப் போனது. பாலாடைக்கட்டித் தூள் தூவிய தெம்பே சிப்ஸ், பளபளக்கும் பையில். மேடையில் ஒரு நடுவர் கேட்டார், அந்த வண்டியை என்ன செய்வதாக உத்தேசம் என்று. அது என் அம்மாவுடையது என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடி இருந்தது. “வளாகத்தைச் சுற்றி வெளி வியாபாரத்தைக் கட்டுப்படுத்தலாம்” என்றேன், பாடப்புத்தகத்தின் குரலில். கைதட்டினார்கள். முதல் பரிசு.

பள்ளிக்குள் மாணவர் கடை திறந்த திங்கட்கிழமை, வாசலில் வண்டி நிற்கக் கூடாது என்று வார்சோ அம்மாவிடம் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் சொன்னாராம். “பிள்ளைங்க கடை போடுதுங்களாம். போகட்டும், உனக்கு மார்க்கு வரும்ல” என்றாள் அம்மா. மறுநாளிலிருந்து செங்கல் சூளைப் பாதையில் வண்டியை நிறுத்தினாள். மூன்று வாரம், தினமும் பாதி மாவோடு திரும்பினாள். என் பள்ளிக் கட்டணமும் அந்த மாவிலிருந்துதான் வர வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தன்று அம்மா ஒரே நல்ல பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். என் திட்டத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கண்ணாடிமேல் விரல் ஊர்ந்தது. கட்டம் கட்டமாக. கடைசிக் கட்டத்தில் நின்றது. அவளை இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்தோம். குழாயடியில் கால் கழுவும்போதுதான் சொன்னாள். “பத்து வருசமா வண்டி தள்ளுறேன். என்னப் பாத்துப் பயந்தது நீ ஒருத்திதாண்டி.”

அவள் சிரித்த மாதிரிகூட இருந்தது.

எங்கள் சிப்ஸ் போகவில்லை. மிளகாய் எங்கே, சித்தி இருந்திருந்தால் கொடுத்திருக்கும் என்று பிள்ளைகள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். சித்தி என்றால் அம்மா; பள்ளிக்கே அவள் சித்தி. வீட்டில் யாரிடம் என்றில்லாமல் இதைச் சொல்லிவைத்தேன். மறுநாள் காலை அம்மா ஒரு பை பச்சை மிளகாயை என் புத்தகப்பை பக்கத்தில் வைத்தாள். நான் எடுக்கப் போனபோது கையை நீட்டினாள்.

“ஐயாயிரம் ரூபியா. கடைக்காரிக்குக் கடை வெல.”

பேருந்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு மாவு கரைக்கப் போனாள்.

நடந்து பள்ளிக்குப் போய், மிளகாயைக் கிண்ணத்தில் கொட்டிக் கடையில் வைத்தேன். பத்து மணி அடித்தது. ஓடிவந்த பிள்ளைகள் முதலில் மிளகாயைத்தான் அள்ளினார்கள். அவர்கள் தலைகளுக்கு மேலே வாசல் தெரிந்தது. வார்சோ வெளியே பார்த்தபடி கம்பிக் கதவருகே நின்றிருந்தார். மணிச் சத்தம் அடங்குமுன் அவர் கை தானாக இடுக்கு வழியே வெளியே போனது. விரல்கள் விரிந்து, வெயிலில் அப்படியே சற்று நேரம் இருந்தன.