எந்த அப்பாவு?

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாயை மூடவும் முடியும் என்பதே மறந்துபோய்விட்டது. இது அப்பாவுவின் கட்சி. பஸ்ஸில் ஏறினால் ஒருத்தன் செல்போனைக் காதில் ஒட்டிக்கொண்டு, தன் மாமியாருக்கு நடந்த மூலம் ஆபரேஷனை டோல்கேட்டில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் விவரிக்கிறான். பக்கத்து சீட்டுக்காரன் வடை தின்றுகொண்டிருக்கிறானே என்கிற இரக்கம் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தால், கேட்காமலே ஒருத்தன் தன் பெண்டாட்டி எதற்குக் கோபித்துக்கொண்டு போனாள் என்று ஆரம்பிக்கிறான். "கலீஜ் பசங்க" என்று பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவார் அப்பாவு. வீட்டில் என்ன குழம்பு என்று யாராவது கேட்டாலே அவருக்கு ஆகாது.

அப்பேர்ப்பட்டவருடைய மண்டை ரகசியம் ஒரே காலையில் வெளியே போய்விட்டது.

ரகசியம் பெரிதாக ஒன்றும் இல்லை. தலைக்கு டை அடிக்கிறார். அடிக்காவிட்டால் வேலை இல்லை. எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் வாட்ச்மேன். ஐம்பத்தைந்து தாண்டியவனை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலி பண்ணிக்கொண்டு ஓடிய வருசம் பிறந்தவர் என்று அவருடைய அம்மா சொல்லுவாள். அப்படிப் பார்த்தால் அறுபத்திரண்டு. யார்டில் யாரும் ஜப்பானைப் பற்றிக் கேட்கவில்லை. ஐம்பத்துநாலு என்றார். தலையும் கருகருவென்று ஆமாம் போட்டது.

அன்றைக்குப் பகல் ஷிப்டுக்காரன் லீவு. அப்பாவுவைக் கூப்பிட சூப்பர்வைசர் ஜெயவேல் பைக்கில் புறப்பட்டு வந்தான். வீடு தெரியாது. தெருமுனையில் சுப்புராஜ் அண்ணாச்சியின் மளிகைக் கடை. நிறுத்தி, "இங்க அப்பாவு வூடு எது அண்ணாச்சி?" என்று கேட்டான்.

சுப்புராஜ் சாத்தான்குளத்துப் பக்கத்து ஆள். அவருக்கு முகம் நிற்காது, கதவு நம்பர் நிற்காது. யார் என்ன வாங்குவார்கள் என்பது மட்டும் நிற்கும். அந்தத் தெருவில் மூன்று அப்பாவுகள்.

"எந்த அப்பாவு? ஒத்த முட்ட அப்பாவா, சுருட்டு அப்பாவா, டை அப்பாவா?"

"வாட்ச்மேன் வேல பாக்கறவரு."

"அப்ப டை அப்பாவுதான். மூணாவது சந்து, பச்சக் கதவு. பத்து நாளைக்கொருக்க தவறாம ஒரு பாக்கெட்டு வாங்கிருவாவ. தங்கமான மனுசன்."

இத்தனையும் ஜெயவேலே பச்சைக் கதவுக்கு முன்னால் நின்று சொன்னதுதான். பேசும்போது அவன் கண் அப்பாவுவின் முகத்தில் இல்லை. அதற்கு நாலு விரல் மேலே இருந்தது.

"இந்த மாசம் முச்சூடும் டை அடிக்காம வா நைனா. ஒண்ணாந்தேதி தலைய பாத்துட்டு வேல கீதா இல்லியான்னு சொல்றேன்."

ஷிப்டு முடிந்ததும் முடியாததுமாக அப்பாவு கடைக்கு வந்தார். சாயங்கால நேரம், கடை முன்னால் நல்ல கூட்டம்.

"யோவ், நீ கட வச்சிகினு கீறியா, ரேடியோ ஸ்டேசன் வச்சிகினு கீறியா?"

"என்னண்ணே ஆச்சு?"

"நான் டை அடிக்கிறத எதுக்குய்யா அந்த சூப்பர்வைசர் கைல சொன்ன?"

சாமான் வாங்க நின்ற பொம்பளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அதுவரைக்கும் தெரியாது.

"நான் எங்கண்ணே சொன்னேன்? வீடு கேட்டாவ, வழி சொன்னேன்."

"வழி சொல்றதுக்கு என் மண்ட எதுக்கு?"

"மூணு அப்பாவு இருக்கியளே, நான் என்ன செய்ய?"

கூட்டத்தில் இன்னொரு அப்பாவுவும் நின்றுகொண்டிருந்தார். "என்னிய இன்னான்னு சொல்லுவ?" என்று கேட்டார். சுப்புராஜ் தராசுத் தட்டைத் துடைத்தார். அந்த அப்பாவுவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. "ரெண்டு முட்ட குடு" என்றார் விறைப்பாக. அதற்குள் ரமாபாய் டீச்சர், "அப்ப எனக்கு என்ன பேரு அண்ணாச்சி?" என்று ஆரம்பிக்க, ஆளாளுக்குக் கேட்க, சுப்புராஜுக்கு வேர்த்துக் கொட்டியது.

"திருச்செந்தூர் முருகன் மேல சத்தியம்! இனிமே எந்த வாடிக்கையப் பத்தியும் எவருகிட்டயும் மூச்சு விட மாட்டேன், போதுமா?"

மற்றவர்களுக்குப் போதும். அப்பாவுவுக்குப் போதாது. சத்தியத்துக்கெல்லாம் அசருகிற ஆள் அவர் இல்லை. மறுநாள் டோல்கேட் பக்கத்தில் மாடியில் இருந்த வக்கீல் செங்கொடியிடம் போனார். சின்ன வயசுப் பெண்.

"உக்காருங்க தாத்தா" என்றாள்.

வந்ததும் வராததுமாகத் தாத்தா. டை அடித்தும் பிரயோஜனம் இல்லை. விழுங்கிக்கொண்டு உட்கார்ந்து விசயத்தைச் சொன்னார். "வாங்கறவன் சமாச்சாரத்த கடக்காரன் வெளிய சொல்லலாமா? சட்டம் இன்னா சொல்து?"

"டாக்டர் சொல்லக்கூடாது. பேங்க் சொல்லக்கூடாது. வக்கீல் நானும் சொல்லக்கூடாது. மளிகைக் கடைக்குன்னு அப்படி ஒரு சட்டம் இன்னும் வரல. போலீஸ் முறையா கேட்டா அவர் சொல்லித்தான் ஆகணும். சூப்பர்வைசர் கேட்டா சொல்லணும்னு அவசியமில்ல. சொல்லக்கூடாதுன்னும் யாரும் எழுதி வைக்கல."

"சோம்பேறிங்க" என்றார் அப்பாவு, சட்டம் எழுதியவர்களை.

"வெளிய சொல்லாதேன்னு சொல்லித்தான் வாங்கினீங்களா?"

"வாய தொறந்து வேற சொல்லணுமா? பேப்பர்ல மடிச்சிக் குடுன்னுதான் எப்பவும் வாங்குவேன். பருப்ப மடிக்கறான், சரி, இல்லாங்காட்டி கொட்டிடும். டை பாக்கெட்டு ஏற்கனவே பாக்கெட்டு. அத இன்னொரு தபா எதுக்கும்மா மடிக்கறான்? அதுக்கு இன்னா அர்த்தம்?"

செங்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது பாயிண்ட்டு தாத்தா. ரகசியமா வச்சுக்கறேன்னு அவர் ஒத்துக்கிட்ட மாதிரிதான்னு வாதாடலாம். அதை மீறினார், அதனால வேலை போகுதுன்னு சிவில் கோர்ட்டுல நஷ்டஈடு கேக்கலாம். ஜெயிக்கறது கஷ்டம். கேக்கறதுல தப்பில்ல."

"போடு கேஸ."

அவள் பேனாவை எடுத்தாள். "பேரு?"

"அப்பாவு."

"வயசு?"

அப்பாவு ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். ஒரு டிரெயிலர் லாரி போய் முடிகிற வரைக்கும் பார்த்தார்.

"அது எதுக்கு?"

"மனுவுல எழுதணும். உண்மைன்னு கையெழுத்துப் போடணும். பொய் சொன்னா அது தனி கேஸ்."

"அப்ப நான் மறச்சத எவனோ சொல்ட்டான்னு கேஸ் போட, நானே போயி கோர்ட்ல அத சொல்லணும். நல்லா கீதும்மா உங்க சட்டம்."

அவள் பீஸ் வேண்டாம் என்றுவிட்டாள். அதில்தான் அவருக்குச் சந்தேகம் கூடியது. காசு வாங்காமல் சொல்கிற சட்டம் எந்த லட்சணத்தில் இருக்கும்?

ஒண்ணாந்தேதி வந்தது. காதோரமும் வகிடும் தும்பைப்பூவாக வெளுத்திருந்தன. ஜெயவேல் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து ஒரு பார்வை பார்த்தான். "மன்ச்சிக்க நைனா, ரூல்ஸு. நாளைலேந்து வராத" என்றான். அப்படிக் குனிந்தபோதுதான் அப்பாவு அவன் காது மடலைப் பார்த்தார். அதில் கருப்பாக ஒரு தீற்றல். கரியோ கிரீஸோ இல்லை. கண்ணாடியில்லாமல் அவசரத்தில் டை அடிக்கிறவனுக்கு விழுகிற தீற்றல். இந்த விசயத்தில் அப்பாவுவை யாரும் ஏமாற்ற முடியாது.

வீட்டுக்கு வந்து சொக்கம்மாளிடம் சொன்னார். "அந்தாளா?" என்றாள் பெண்டாட்டி. "இப்பல்லாம் பைக்க நிறுத்திட்டு அண்ணாச்சி கடைலதான் இன்னாவோ மடிச்சி வாங்கினு போறான். ரெண்டு தபா பாத்தேனே."

போன வேகத்தில் அப்பாவுவின் செருப்பு ஒன்று சந்திலேயே கழன்றது.

"அண்ணாச்சி, அந்த ஜெயவேலு உன் கடைல இன்னா வாங்கறான்? சொல்லு. அத அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டன்னா என் வேல திரும்பிடும்."

சுப்புராஜ் புளியை நிறுத்துக்கொண்டே தலையைத் தூக்காமல், "சத்தியம் பண்ணிருக்கேன்லா" என்றார்.

"அட, வக்கீலம்மாவே சொல்ட்சி. கடக்காரன் சொல்றதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க நிக்கல. நீ தாராளமா சொல்லலாம்."

"சட்டம் ஆயிரம் சொல்லட்டும். நீங்க சொல்லக்கூடாதுன்னு சொன்னியளே. தெருவே நின்னு கேட்டுச்சே."

"அது என் விசயம்யா. இது அவன் விசயம்!"

"அவருக்கு அது அவரு விசயந்தானண்ணே."

அப்பாவு கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தை பேசினார். பிறகு குரலை இறக்கி, "வாயால சொல்லாத. டையான்னு நான் கேக்கறேன், நீ தலைய மட்டும் ஆட்டு" என்றார்.

சுப்புராஜ் கழுத்தை உலக்கை மாதிரி விறைத்துக்கொண்டார். வெல்லத்தில் இருந்த ஈ ஒன்று எழுந்து வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது. அதைக்கூட ஓட்டவில்லை.

"யோக்கியனா மாறதுக்கு உனுக்கு இன்னிக்குத்தான் நாள் கெடச்சுதா?"

ஈ மட்டும் பறந்து போனது.

அப்பாவு கடையை விட்டு இறங்கி நடந்தார். சத்தியமாவது முருகனாவது. ஜெயவேல் இவன் கையில் எதையோ அழுத்தியிருப்பான், அதுதான் கழுத்து அசையவில்லை. யோசித்துப் பார்த்தால், பீஸ் வாங்காத அந்த வக்கீலம்மாவுக்கும் இதில் பங்கு இருக்கும். செருப்பு கழன்ற இடத்தைத் தாண்டிப் போய்விட்டதைக்கூட கவனிக்காமல், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.