கேள்வி நேரத்து மூட்டைகள்

தியாகேசன் துடைப்பமும் கையுமாக வந்து ஷட்டரைத் திறந்ததைப் பார்த்ததும் அமலோற்பவத்துக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நெடுங்கரை நெல் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தர் தியாகேசன். குறுவை அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது சாக்கு இல்லை என்று சொல்லி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போன மனுஷன், அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. நடுவில் மழை வந்தது, வெயில் அடித்தது, மறுபடியும் மழை வந்தது. சாலையின் ஒரு பக்கம் முழுக்கக் கொட்டிக் கிடந்த நெல்லைக் காலையில் விரிப்பதும், மேகம் கறுத்தால் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாக ஊருக்கே இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. அமலோற்பவத்தின் குவியலுக்குள் கையை விட்டால் அடிநெல் சூடாக இருந்தது. புளித்த வாடை. நேற்று ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தபோது வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது. புருஷன் போன பிறகு தனியாளாகக் குத்தகைக்கு எடுத்து விளைவித்த நெல். வருஷத்துச் சோறு, அடுத்த நடவு எல்லாமே அந்தக் குவியல்தான். அது முளைத்துப் போனால் மாட்டுக்குக்கூட ஆகாது.

"என்ன தியாகேசன், வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றாள்.

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்கக்கா. இன்னைக்கு நம்ம சென்டர் சட்டசபையில வருது. பத்து மணிக்குக் கேள்வி நேரம். அதுக்குள்ள மிஷின் ஓடணும்னு ஆபீஸ்ல உயிர வாங்குறாங்க."

சட்டசபைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டதே அவள்தான். எம்.எல்.ஏ. மருதையன் கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்திருந்தார். திரும்பும்போது நெல் குவியல்களைத் தாண்டி வெள்ளைக் கார் மெதுவாக ஊர்ந்தது. அமலோற்பவம் நேராகப் போய் காருக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஹாரன் அடித்தும் நகரவில்லை. மருதையன் இறங்கி வந்தார். பக்கத்து ஊர்க்காரர்தான், ஒரு காலத்தில் அவள் புருஷனோடு சேர்ந்து போஸ்டர் ஒட்டியவர். அவள் அவர் கையைப் பிடித்துக் குவியலுக்குள் விட்டாள். அவர் முகம் சுளித்தார். கூட வந்த ஆள் அதைப் போனில் படம் பிடித்தான்.

"அக்கா, நான் சட்டமன்றத்திலேயே கேக்குறேன். அமைச்சரை எந்திரிச்சு பதில் சொல்ல வைக்கிறேன். உங்க பேரைச் சொல்லியே கேக்குறேன், போதுமா?"

"ஏன் பூட்டிப் போட்டீங்கன்னு கேளுங்க. இங்க வரவேண்டிய சாக்கெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்க," என்றாள் அவள். அன்றைக்கு ஊரில் அவளுக்கு ஒரே மரியாதை. அடுத்த குவியல்காரர் சித்தீக் பாய், "தங்கச்சி, நீ நின்னதுலதான் கார் நின்னுச்சு," என்று டீ வாங்கிக் கொடுத்தார். அவள் குவியலுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்தது அவருடைய குவியல். வரிசையில் அதுதான் முதல்.

சரி, சொன்னபடி கேட்கப்போகிறாரே, அதற்கு ஏன் இந்தத் துடைப்பம்? தியாகேசன் பெருக்கிக்கொண்டே சொன்னார். அங்கே கேள்வி கொடுத்தால் அது கோட்டையிலிருந்து இறங்கி இறங்கிக் கடைசியில் அவரிடம்தான் வருமாம். அவர் எழுதிக் கொடுக்கும் பதில் வந்த வழியே ஏறிப் போகுமாம்.

"நெடுங்கரை நிலையம் இயங்குகிறதா? இதான் கேள்வி. ஆமான்னு எழுதிக் குடுத்தாச்சு. எழுதுன பெறகு இயங்கித்தானே ஆவணும்."

"ஏன் மூடிக் கெடக்குன்னுல்ல கேக்கச் சொன்னேன்?"

"அவரு ஆளுங்கட்சிங்க. அமைச்சரை அப்படியெல்லாம் கேப்பாரா? இயங்குகிறதான்னு கேட்டா அவரு ஆமாம்பாரு, இவரு நன்றிம்பாரு. ரெண்டு பேருக்கும் மரியாதை. எப்பவும் நடக்குறதுதான்."

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டியில் ஒரு கட்டு சாக்கு, நான்கு சுமைதூக்கும் ஆட்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி பிரபுவுக்கு வயசு முப்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் முகத்தில் அறுபது வயசுக் கடுகடுப்பு. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"யாரும்மா அமலோற்பவம்? வாங்க, உங்க நெல்லைத்தான் மொதல்ல சாக்குல பிடிக்கணும்."

"வரிசையில சித்தீக் பாயோடதுதாங்க மொதல்ல."

"கேள்வியில உங்க பேருதான் இருக்கு. அவரு பேரா இருக்கு? நேரமில்லம்மா, சீக்கிரம்."

சாலையில் நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சித்தீக் பாய் தோளில் கிடந்த துண்டை உதறினார். "போங்க மேடம். கார மறிச்சதெல்லாம் இதுக்குத்தான்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு," என்றார். தங்கச்சி போய் மேடம் வந்துவிட்டது. கொள்ளிடத்துப் பக்கம் வானம் கறுத்து வந்துகொண்டிருந்தது. முளை விட்ட நெல் கண்ணுக்குள் வந்து நின்றது. சண்டை போடுவதற்கு நூறு காரணம் இருந்தது அவளுக்கு, ஆனால் அந்த நேரத்தில் தன் நெல் தப்பித்தால் போதும் என்றுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது. இருந்தும் தார்ப்பாயின் முனையை அவளே இழுத்து விலக்கினாள்.

ஈரப்பதம் பார்க்கும் கருவியில் தியாகேசன் ஒரு பிடி நெல்லைப் போட்டார். இருபத்தொன்று காட்டியது. பதினேழுக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டோம் என்று மூடுவதற்கு முன்னால் இதே தியாகேசன் சித்தீக் பாயைத் திருப்பி அனுப்பியிருந்தார். பிரபு கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினேழுன்னு போட்டுக்கங்க."

"அன்னைக்கு என்னோடது பத்தொம்பதுதாங்க காட்டுச்சு," என்றார் சித்தீக் பாய். தியாகேசன் பதினேழு என்று எழுதினார்.

தூற்றும் மிஷின் உறுமத் தொடங்கியது. தூசியும் பதரும் பறந்தன. சாக்கில் பிடித்து, எலெக்ட்ரானிக் தராசில் வைத்து, வாயைத் தைத்து, ஆட்கள் தூக்கிப் போட்டார்கள். பிரபு அவளை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். "கொஞ்சம் சிரிங்கம்மா." அவள் சிரிக்கவில்லை. அப்படியே போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு விட்டான்.

மருமகள் ஷீபா போனில் சட்டமன்ற நேரலையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பெரிய போன். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஏச்சுப் பேச்சு இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடியுமா? பேரவைத் தலைவர் கூப்பிட்டதும் மருதையன் எழுந்தார். சட்டை பளபளவென்று இருந்தது. கட்சித் தலைவரைக் காலில் விழாத குறையாகப் புகழ ஆரம்பித்தார். காவிரித் தாய்க்கே தாகம் தீர்த்த தலைவராம். உழவர்களின் உதயசூரியன் போன்றவர் என்று சொல்ல வந்து, வேறு கட்சிச் சின்னமாகிவிடும் என்று பயந்தோ என்னவோ, விடிவெள்ளி என்று மாற்றினார். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

"உறுப்பினர் கேள்விக்கு வாங்க," என்றார் பேரவைத் தலைவர்.

"வந்துவிட்டேன், மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே," என்று சொல்லிவிட்டு மறுபடியும் புகழ்ந்தார். கடைசியில் அமலோற்பவத்தின் பேரைச் சொல்லி, ஒரே வரியில், நெடுங்கரை நிலையம் இயங்குகிறதா என்று கேட்டு உட்கார்ந்தார்.

அமைச்சர் தாளைப் பார்த்து, "ஆம், இயங்கி வருகிறது," என்றார். அதோடு விட்டிருக்கலாம். தாளை வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தார். "மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட அந்தச் சகோதரி அமலோற்பவம் அவர்களுடைய நெல், இதோ, இன்று காலையிலே கொள்முதல் செய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது. புகைப்படமே என்னிடம் இருக்கிறது. ஒரு மூட்டைகூட அங்கே தேங்கவில்லை." மேசைகளைத் தட்டும் சத்தம் போனிலிருந்து பொரிந்தது.

துணைக் கேள்வி கேட்க மருதையனை மறுபடி எழுப்பினார்கள். அமலோற்பவம் போனுக்குக் கிட்டே நகர்ந்தாள். இப்போதாவது சாக்கைப் பற்றிக் கேட்பார், அந்தக் கையைக் குவியலுக்குள் விட்டவர்தானே. மருதையன் அமைச்சருக்கு நன்றி சொன்னார். பிறகு, தன் தொகுதிக்கு ஒரு புதிய பேருந்து நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா என்று கேட்டார். அது என் துறை இல்லை என்று அமைச்சர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கேள்வி.

"கை தட்டுங்கப்பா," என்றார் சித்தீக் பாய். "ஒரு மூட்டைகூடத் தேங்கலையாம். நம்மளையெல்லாம் என்னன்னு நெனச்சிருக்கானுங்க?" அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். ஷீபா போனை அணைத்து இடுப்பில் செருகினாள். அவளுக்கும் மாமியாரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

மிஷின் சத்தம் நின்றது. அமலோற்பவத்தின் குவியலில் பாதி அப்படியே கிடந்தது. தியாகேசன் தராசின் வயரைப் பிடுங்கச் சொல்லி ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார்.

"என்னங்க இது, பாதியில நிறுத்துறீங்க?"

"கொண்டுவந்த சாக்கு அவ்வளவுதான். தராசு வேற சென்டருக்குப் போவணும். நாளைக்கு அங்க கேள்வி," என்றான் பிரபு, ஜீப்பைப் பார்த்து நடந்தபடி.

அவள் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். போய் தராசின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிவப்பு எண்கள் ஓடின. தூக்க வந்த ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள், பொம்பளையைத் தொட்டுத் தூக்க முடியுமா?

"எந்திரிங்கம்மா. போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. என்னையும் சாக்குல போட்டுத் தைச்சுக் கொண்டுபோங்க. பதினேழுன்னு எழுதிக்கங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிரபுவின் முகத்தில் ஈயாடவில்லை. தள்ளிப் போய் நின்று யார் யாருக்கோ போன் பேசினான். கொஞ்ச நேரத்தில் வந்து போனை அவளிடம் நீட்டினான். மருதையன்.

"அக்கா, பார்த்தீங்கல்ல? உங்க பேரு அவைக் குறிப்புலேயே ஏறிடுச்சு. எங்கம்மா பேருகூட அதுல கெடையாது."

"நெல்லுதான் ஏறணும் தம்பி. பேரு எனக்கு எதுக்கு?"

"அதையும் சொல்லிட்டேன். இன்னொரு கட்டு சாக்கு வந்துகிட்டிருக்கு. உங்களோட மிச்சத்தையும் முழுசா பிடிச்சிருவாங்க. எந்திரிச்சு வழி விடுங்க, அவ்ளோதான். ஊர்ப் பொல்லாப்பு உங்களுக்கு எதுக்கு?"

அவள் கண் தன் குவியலுக்குப் போய்த் திரும்பியது. எழுந்தால் தீர்ந்தது. வருஷத்துச் சோறு நனையாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

"எனக்கு முன்னால வந்த குவியல் யாரோடதுன்னு ஒரு தடவ கேளுங்க தம்பி," என்றாள். "அமைச்சர்கிட்டதான் கேக்கத் தெரியல. என்கிட்டயாவது கேளுங்க."

அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

"வரிசைப்படி பிடிக்கிறதா இருந்தா எந்திரிக்கிறேன். பாயோடதுலேருந்து ஆரம்பிங்க," என்று பிரபுவிடம் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். சித்தீக் பாய் நம்பவில்லை என்று அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

முதல் தூறல் ஷட்டரின் தகரத்தில் விழுந்தது. ஆளாளுக்குத் தங்கள் குவியலைப் பார்த்து ஓடினார்கள். தார்ப்பாய்கள் சடசடத்தன. கல்லை வை, கயிற்றைப் பிடி என்று சாலை முழுக்கக் கூச்சல். ஷீபா ஒற்றை ஆளாய் அவர்கள் தார்ப்பாயை இழுத்துப் பார்த்தாள், காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. "அத்தை," என்று கத்தினாள். "அத்தை, எந்திரிச்சு வாங்க." சுமைதூக்கும் ஆட்கள் நான்கு பேரும் தராசைச் சுற்றி, அவள் எழுந்திரிக்கட்டும் என்று குனிந்த வாக்கில் காத்திருந்தார்கள். தன்னுடையதை மூடி முடித்த சித்தீக் பாய் தன் குவியலுக்கும் அவள் குவியலுக்கும் நடுவில் வந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மழை வலுத்தது. அமலோற்பவம் தராசின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். அவள் நடுங்க நடுங்க, எதிரே சிவப்பு எண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தன.