எட்டாவது நொடி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. அக்கா என் தலையில் கட்டிய வேலை. பதினெட்டு வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸ் அவள். இப்போது அந்தப் படிப்புக்கு வரும் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறாள், கூடவே ஆராய்ச்சியும் செய்கிறாள்.

"கதை எழுதறேன்னு சொல்லிட்டுத் திரியறியே, பரீட்சைக்கு ஒரு கர்ப்பிணியோட கதை எழுதிக் குடு. ஒரு பக்கம் போதும்" என்றாள்.

எழுதினால் மட்டும் போதாதாம். வயிற்றில் பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டு நானே அந்தக் கர்ப்பிணியாக நடிக்கவும் வேண்டுமாம். மாணவி வந்து என்னைப் பரிசோதிப்பாள், அதற்கு மார்க். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி அவள் ஜன்னலோரம்

(அக்கா சிவப்பு மையில் கோடு கிழித்துவிட்டாள். "மழை எதுக்குடி? எத்தனையாவது வாரம், பிரஷர் எவ்வளவு, அத எழுது.")

இரண்டாம் தொடக்கம்: முப்பத்தாறாவது வாரம். பிரஷர் சரி. கால் வீக்கம் இல்லை. காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. கேட்டால் 'பரவாயில்ல' என்பாள்.

"இதுதான் கதை" என்றாள் அக்கா. எரிச்சலாக வந்தது. நான் மூன்று நாள் முட்டி மோதியதைவிட இது நன்றாகத்தான் இருந்தது, அதனால் வந்த எரிச்சல்.

3

கேட்டும் ஏன் சொல்ல மாட்டாள்? அக்காவின் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். ஸ்டாப்வாட்சும் கையுமாகப் பரிசோதனை அறையின் மூலையில் உட்கார்ந்து, மாணவிகள் கர்ப்பிணிகளோடு பேசுவதை நாற்பத்திரண்டு தடவை கேட்டிருக்கிறாள். கேள்வியெல்லாம் ஒழுங்காகத்தான் கேட்கிறார்கள். "பரவாயில்ல" என்று அந்த அம்மா சொன்னதும் மூன்று நொடிகூடப் பொறுப்பதில்லை, அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். தொண்டை வரை வந்ததை அவள் அப்படியே விழுங்கிவிடுகிறாள்.

ஆகவே அக்கா வகுப்பில் காத்திருக்கவும் சொல்லிக்கொடுக்கிறாள். பரீட்சையிலும் அதே விதி: நான் "பரவாயில்ல" என்ற பிறகு, மாணவி பத்து நொடி பேசாமல் இருந்தால்தான் உண்மையைச் சொல்லுவேன்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: இந்த 'பரவாயில்ல' என்னுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் கர்ப்பமாக இருந்தபோது குழந்தை அசைகிறதா என்று மூன்று பேர் விசாரித்தார்கள், மூன்று பேரிடமும் அதையேதான் சொன்னேன். நாலாவதாகக் கேட்டது அக்கா. கேட்டுவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தாள். தோல் முழுக்க உரிந்து முடிவதற்குள் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று சாயங்காலமே குழந்தை பிறந்துவிட்டது. அந்தக் குழந்தைதான் இப்போது அடுத்த அறையில் ஸ்கேலைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாள்.)

4

இனி கதாநாயகி. கூடப் படிப்பவர்கள் அவளை 'எக்ஸ்பிரஸ்' என்பார்கள். வயிற்றில் கை வைத்ததும் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்லிவிடுவாள். வாய்தான் நிற்காது. அந்த வாயால் இந்தப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டிருக்கிறாள். இது மூன்றாவது. இதிலும் போனால் வருஷம் முழுக்க மறுபடி படிக்க வேண்டும்.

கதைக்காக அவளைக் கொஞ்சம் திமிர் பிடித்தவளாக எழுதலாமா என்று

வேண்டாம். பரீட்சைக்கு முன்னால் வராந்தாவில் அவள் என்னிடம் சொன்னது இது: "எதிர்ல இருக்கறவங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்குக்கா. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு தோணும்."

அதைக் கேட்ட பிறகு என்னால் நடுநிலையாக இருக்க முடியவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

5

ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பிரஷர் கருவி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டாப்வாட்சோடு அக்கா. எக்ஸ்பிரஸ் வந்தாள், கை கழுவினாள், பிரஷர் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

"குழந்தை அசைவெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"ம்... பரவாயில்ல."

இங்கே முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்று: ஐந்தாம் நொடியில் அவள் வாயைத் திறந்துவிடுகிறாள். எழுதிய கையோடு அடித்துவிட்டேன். இரண்டு: பத்து நொடியும் பொறுத்து, நான் அழ, அவள் அழ, எல்லோரும் கைதட்ட. சுத்தப் பொய்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நொடியில் அவள் உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது. நான்கில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆறில் காது மடல் சிவந்தது. ஏழில் மறுபடி உதடு துடித்தது. ஐயோ, போச்சு என்று நினைத்தேன்.

எட்டாவது நொடியில் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"காலைலேர்ந்து அசையவே இல்லம்மா."

அவள் பாய்ந்து எழுந்தாள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை எடுத்தாள், டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள், என் கையையும் பிடித்துக்கொண்டாள். எல்லாம் கச்சிதம்.

6

அக்கா உள்ளே வந்தாள்.

"எக்ஸ்பிரஸ் அவ இல்லடி, நீ. பதினோரு வருஷமா எழுதறே, ரெண்டு செகண்ட் பொறுக்க முடியலியா உனக்கு?"

"அவ எப்படியும் காத்திருந்திருப்பாக்கா!"

"இருந்திருப்பாளா மாட்டாளான்னு இப்ப யாருக்குத் தெரியும்? அவ பண்ண வேண்டியத நீ பிடுங்கிட்டே."

மார்க் தாளில் அக்கா 'நடித்தவர் பிழை' என்று எழுதினாள். மதியம் இரண்டு மணிக்கு மறுபடி பரீட்சை. வேறு கேள்வி, அதே விதி, அதே நான். "உனக்கும்தான் பரீட்சை" என்றாள்.

இரண்டு மணி. பஞ்சு வயிற்றைத் திரும்பவும் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். எக்ஸ்பிரஸ் கேட்டாள், நான் "பரவாயில்ல" என்றேன். அவள் கைகள் தொடைக்கு அடியில் போயின. என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் காலையில் அவளுக்குச் செய்ததை இப்போது உங்களுக்கும் செய்ய மாட்டேன். அவள் முகத்தைப் பாருங்கள். பத்து வரை நீங்களே எண்ணுங்கள்.

ஒன்று.