வெடித்த காயின் விதை

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. ஆனால் ரத்தம் நிறைய வரும். மனசைத் திடமாக வைத்துக்கொண்டு கேளுங்கள், கண்ணுகளா.

எடைப் போட்டிக்கு வளர்க்கிற ராட்சதப் பூசணிக்கு விதை பொறுக்குவது அந்த வீட்டில் தையல்காரியின் வேலை. அவள் புருஷன் கறிக்கடைக்காரர். எலும்பு வெட்டிப் பழகிய கைக்கு விதையின் நல்லது கெட்டது பிடிபடாது. அவளோ செய்தித்தாளை விரித்து, காய்ந்த விதைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துவாள். உள்ளே பருப்பு நிறைந்திருந்தால் அமுங்காது. விளிம்பு கோணாமல் இருக்கவேண்டும். தண்ணீரில் போட்டால் மிதக்கக் கூடாது. தேறியதை உறையில் போட்டு, தாய்க் காய் எத்தனை கிலோ, எந்தக் கொடியின் பூவிலிருந்து மகரந்தம் தேய்த்தது என்று மேலே எழுதுவாள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் உண்டு. வெடித்த காயின் விதை ஆகாது. அது யானைக்குட்டி அளவு பெருத்திருந்தாலும் சரி, வெடிக்கிற குணம் விதையிலேயே இறங்கிவிடும்.

முந்தின வருஷம் அவர்கள் தோட்டத்தில் இரண்டு காய். ஒன்று அடக்கமாக வளர்ந்து முந்நூற்றுத் தொண்ணூறு கிலோவில் நின்றது. மற்றது அதையும் தாண்டி வீங்கி, காம்போரத்தில் பிளந்துகொண்டது. கறிக்கடைக்காரர் அதை மாட்டுத்தொடை வெட்டுவதுபோல வெட்டித் தள்ளினார். "ஒரு விதை மிஞ்சக் கூடாது. எல்லாத்தையும் அடுப்புல போடு" என்றார்.

போட்டாள். ஒன்றைத் தவிர. அது அவள் கட்டைவிரல் அகலம், நுனியில் ஒரு பழுப்பு மச்சம். அப்படியொரு திரண்ட விதையை அவள் கை அதுவரை தொட்டதில்லை. அதை நல்ல காயின் உறைக்குள் நழுவவிட்டாள்.

ஆசை மட்டும் காரணமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய கை அவள்மேல் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. பூசணி போட ஆரம்பித்த பிறகு, காய் பெருக்கிற மாதங்களில் மட்டும் அந்தக் கை சும்மா கிடந்தது. கொடிக்கு மண் அணைக்கும், காய்க்கு நிழல்துணி கட்டும், அப்புறம் தூங்கிப்போகும். காய் எவ்வளவு பெருத்தால் அவ்வளவு நிம்மதி என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய தம்பி. லாரி மெக்கானிக், தனிக்கட்டை. அம்மா போனபின் அவள்தான் அவனைத் தோளில் போட்டு வளர்த்தாள். அவனும் பூசணிக்காரன்தான். முந்தின வருஷ எடைப் போட்டியில் அவன் காய் ஜெயித்தது. சிரித்தான். மாமா விட்ட குத்தில் மூன்று பல் மைதானத்திலேயே விழுந்தது. அவன் வீல் ஸ்பேனரால் மாமாவின் காறை எலும்பை உடைத்தான். போதாததற்கு, முடிவெட்டும் கடையில் நாலு பேர் கேட்க, "அடுத்த வருஷம் அந்தாளு காயில கத்திய இறக்கல, என் பேரை மாத்திக்கிறேன்" என்று சொல்லிவைத்தான்.

இந்த வருஷம் மச்சம் வைத்த விதை முதல் பாத்தியில் முளைத்தது. ஒரே கொடி, ஒரே காய். கட்டில் அளவானது, பிறகு கட்டிலைத் தாண்டியது. கறிக்கடைக்காரர் காலையில் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். நான்கு மாதம் அவள் முகத்தில் ஒரு காயம் இல்லை.

எடைபோட ஒரே நாள் பாக்கி. மதியம், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தோட்டத்தில் மூங்கில் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தாள். காம்பிலிருந்து இடுப்புவரை வாய் பிளந்து கிடந்தது காய்.

அந்த நேரம் பார்த்துத்தானா அவர் சாப்பிட வர வேண்டும். இடுப்பில் கட்டிய துணியில் காலை ரத்தம் காயவில்லை. பார்த்தார். வேலிக்கு அப்பால் தம்பி தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன மாமா, வயிறு தாங்கலையா? கொஞ்சமா ஊட்டியிருக்கலாம்ல."

அவர் உள்ளே போய் வெட்டுக்கத்தியோடு வந்தார். வேலிக்கம்பம் ஒரே உதையில் சாய்ந்தது. தம்பி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் முழங்காலில் வீசினான். எலும்பில் பட்ட சத்தம் அவளுக்குப் பல்லில் கூசியது. அவர் விழவில்லை. முதல் வெட்டில் தம்பியின் காதுமடல் பாதி தொங்கியது. இரண்டாவது முன்னங்கையைத் திறந்தது. அவனை மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் முட்டிபோட்டு, கத்தியை ஓங்கினார்.

அவள் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள்.

"அவன் குத்தல. அது என் தப்பு."

"விடுடி."

"போன வருஷம் வெடிச்ச காயோட விதை அது. ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். நான்தான் நட்டேன்."

"தம்பிக்காகப் பொய் சொல்ற."

"நீங்க கறி வெட்டுறவரு. கத்தி பட்டதா, தானா விரிசல் விட்டதான்னு உங்களுக்குத் தெரியாதா? போய் உள்ள கைய விட்டுப் பாருங்க."

மூச்சிரைக்க எழுந்து, தம்பியைச் சட்டைக் காலரோடு இழுத்துக்கொண்டே காயருகே போனார். பிளவுக்குள் முழங்கை வரை விட்டுத் தடவினார். வெளியே ஈரம். உள்ளே, காம்புக்கு அடியில், சதை மரப்பட்டை மாதிரி காய்ந்து சொரசொரத்துக் கிடந்தது. பல நாள் முன்பே உள்ளே விரிசல் விட்டுப்போய், தழும்பு கட்டி, இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது. பழைய முறிவையும் புது வெட்டையும் ஒரு தடவலில் பிரித்துச் சொல்லுகிற கை அது. பொய்யென்று சொல்ல அவருக்கு வழியில்லை.

தம்பியின் காலரை விட்டார். அவள் பக்கம் திரும்பினார்.

புறங்கையால் விட்ட அறையில் அவள் காயின்மேல் போய் மோதினாள். நான்கு மாதத்துக்கும் சேர்த்துச் சேமித்துவைத்த அறை, கண்ணுகளா. அடுத்து கத்தி வந்தது. அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி, பூசணிக்குள் பிடிவரை இறங்கியது. குறி தவறியதா, தவறவிட்டதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பிடுங்க அவர் மல்லுக்கட்டியபோது பின்னாலிருந்து ஸ்பேனர் விழுந்தது. அவருடைய வலது மணிக்கட்டு வளைந்து தொங்கியது. தம்பி மறுபடி ஓங்கினான், இந்தமுறை தலைக்கு.

"போதும்டா" என்றாள் அவள், வாயில் ரத்தத்தோடு. "கீழ போடு."

போட்டான். தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கிழித்து, முதலில் தம்பி காதுக்கும் கைக்கும், பிறகு புருஷன் மணிக்கட்டுக்கும் கட்டினாள். மூன்று பேரும் வெடித்த காயில் சாய்ந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை காத்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்துத் தம்பி வேலியோரம் வந்து நின்றான். காதில் தையல். "அக்கா, என் வீட்டுக்கு வந்துடு."

"உன் வீட்லயும் ஸ்பேனர் இருக்குடா" என்றாள்.

மாவுக்கட்டுக் கையோடு கறிக்கடைக்காரர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். மேசையில் செய்தித்தாள். அவள் பழைய உறைகளையெல்லாம் பிரித்து, அதிலிருந்த நல்ல விதைகளையும், இந்த வருஷம் வெடித்த காயிலிருந்து வழித்தெடுத்த விதைகளையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி, கையால் கலக்கினாள். மச்சமுள்ளது, இல்லாதது என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு மெஷின் தலையைக் கழற்றிப் போர்வையில் சுற்றினாள். ரயிலடிக்குப் பக்கத்துத் துணிக்கடையில் தைக்க ஆள் கேட்டிருந்தார்கள். தங்க மாடியில் ஓர் அறையும் உண்டு. தள்ளுவண்டிக்காரர் வாசலில் நின்றார்.

"நீ போயிட்டா விதைய யாரு பாக்குறது?" என்றார் புருஷன்.

அதைத்தான் கேட்டார். வேறெதையும் கேட்கவில்லை.

"எல்லாம் கிண்ணத்துல இருக்கு."

"இதுல எது வெடிக்கும், எது வெடிக்காது?"

"நாலு மாசம் கூட இருந்து பாருங்க, தெரியும். நான் பார்த்துட்டேன்."

வண்டி வாசலை விட்டு நகரும்போது, கிண்ணத்தைச் செய்தித்தாளில் கவிழ்க்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. இடது கையால், ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது.