பல் டாக்டர் கற்றுக்கொண்டது

மனநலப் பிரிவில் யாருக்கும் மசியாத ஆட்களை எல்லாம் அவள் தலையில்தான் கட்டுவார்கள். "உனக்குத்தாம்மா பொறுமை ஜாஸ்தி" என்பார் பெரிய டாக்டர். மாத்திரைக்கு மாறாத, சுபாவத்திலேயே முடிச்சு விழுந்த மனிதர்கள் அவர்கள். வாரா வாரம் எதிரே உட்கார வைத்துப் பேசிப் பேசியே அவர்கள் யோசிக்கும் விதத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பார்ப்பது அவள் வேலை. கதவில் 'ஆலோசகர்' என்று பலகை தொங்கியது. வருகிறவர்களில் பாதிப் பேர் அவளுக்கு ஆலோசனை சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

பல் டாக்டரும் அந்த ரகம்தான். சொந்தமாக கிளினிக், கைராசி, மூக்குக்கு மேல் கோபம். நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போதே உதவியாளர் பெண்மேல் கருவித் தட்டை வீசிவிட்டார். அந்தப் பெண் புகார் கொடுக்கக் கிளம்பினாள். சிகிச்சைக்குப் போவதானால் விட்டுவிடுகிறேன் என்றாள். அப்படித்தான் அவர் இங்கே வந்து சேர்ந்தார். தற்பெருமை ஆளுமைக் கோளாறு என்று பெரிய டாக்டர் குறித்து அனுப்பியிருந்தார்.

முதல் நாள் நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். ஆலோசகர்."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தார்.

அவள் விழுங்கிக்கொண்டாள். இந்த ஆட்களோடு மல்லுக்கு நின்றால் வேலை கெட்டது. "அந்தப் பொண்ணு தட்டை லேட்டா நீட்டினப்ப உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டாள்.

"வேணும்னே பண்றா, என்னை மதிக்கலன்னு."

"அதுக்கு ஆதாரம் என்ன சார்?"

அவர் முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் பேச்சை மாற்றியிருப்பார்கள். அவள் மாற்றவில்லை. வாரா வாரம் அதையேதான் கேட்டாள். அடுத்தவர் மனதில் இருப்பது தனக்குத் தெரியும் என்று நினைப்பது ஒரு பிழை, ஒரு தடவை நடந்ததை வைத்து எப்போதுமே இப்படித்தான் என்று முடிவுகட்டுவது இன்னொரு பிழை என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் அவர் தானாகவே, "அவளுக்குக் கை வலின்னு அன்னைக்குக் காலையில சொல்லியிருந்தா" என்று முணுமுணுத்தார். அன்றைக்கு ஆலோசகருக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனதுகூட உறைக்கவில்லை.

அதன்பிறகு அவர் மளமளவென்று மாறினார். கத்துவது நின்றது. கிளினிக்கில் ஆட்கள் நிலைத்தார்கள். பிரிவின் கூட்டத்தில் பெரிய டாக்டர் எல்லாருக்கும் எதிரில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். வேண்டாம் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வாங்கிய ஏச்சுக்கு இதாவது கிடைத்ததே என்று இருந்தது.

"என் மாற்றத்தை என் மனைவியே சொல்லட்டும்" என்று பல் டாக்டர்தான் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் அவருடைய கிளினிக்கிலேயே வரவேற்பில் உட்காருகிறவர். இங்கேயும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் பல் டாக்டர் பதில் சொன்னார். அந்த அம்மாள் "ஆமா" போட்டார். பல் டாக்டருக்கு ஃபோன் வந்தது. பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

கதவு சாத்தியதும் அந்த அம்மாள் தலை நிமிராமலே கேட்டார். "மேடம், அவருக்கு நீங்க இதெல்லாம் எதுக்கு சொல்லிக்கொடுத்தீங்க?"

"எதைச் சொல்றீங்க?"

"முன்னாடி கத்துவாரு. தட்டு, டம்ளர் எல்லாம் பறக்கும். ஆனா தப்பு அவர் பக்கம்னு எனக்குத் தெரியும். அழுதுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இப்ப கத்தறதே இல்ல. எங்கப்பாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரிப் பக்கமே இவர் எட்டிப் பார்க்கல. கஷ்டமா இருக்குன்னு சொன்னேன். மெதுவா பக்கத்துல உட்கார்ந்து, 'எனக்கு அக்கறை இல்லன்னு நீயா நினைச்சுக்கற. அது உன் சிந்தனைப் பிழை. ஆதாரம் என்ன?'ன்னு கேட்டாரு. என்னால பதில் சொல்ல முடியல. ராத்திரி எல்லாம் யோசிச்சேன். ஒருவேளை நான்தான் சரியில்லையோன்னு."

ஆலோசகர் பேனாவை மூடி வைத்தாள்.

"என் பொண்ணும் இப்ப அதே கேள்வியைக் கேக்குறா மேடம். 'சும்மா சொல்லாதம்மா, ஆதாரம் காட்டு'ன்னு. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து சிரிக்கிறாங்க."

பல் டாக்டர் உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "சார், இங்க படிச்சது உங்களை நீங்களே கேட்டுக்கறதுக்கு. வீட்டுல மத்தவங்க வாயை அடைக்கறதுக்கு இல்ல."

முன்பெல்லாம் இதற்கு மேஜையைத் தட்டியிருப்பார். இப்போது காலை மடித்துப் போட்டுக்கொண்டார். "வாயை அடைக்கறேன்ங்கறது உங்க கணிப்பு. நீங்க எங்க வீட்டுல இருந்து பார்த்தீங்களா? இவ ஒருத்தி சொன்னதை வெச்சு முடிவு கட்டறீங்க. அதுக்கு என்ன பேர்னு நீங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க."

குரலில் ஒரு பிசிறு இல்லை. அவளுடைய குரலேதான் அது. அவள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அவள் தலை சாய்க்கும் பக்கம் தலையைச் சாய்த்து. அந்த அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கிளம்பத் தயாராக.

"ரொம்ப நன்றி. எனக்குத் தேவையானது கிடைச்சிடுச்சு" என்று பல் டாக்டர் எழுந்தார். அதோடு சிகிச்சை முடிந்தது.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கத்தறதை நிறுத்தினாரா?"

"நிறுத்தினார் சார், ஆனா..."

"தட்டு வீசறதை?"

"சார், அந்தம்மா..."

"அந்தம்மா நம்ம நோயாளி இல்லம்மா. நல்லா வந்த கேஸைப் போய்க் கிளறாதே."

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மாளே ஃபோன் செய்தார். தனக்கு ஒரு நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டார். "எனக்குத்தான் சிகிச்சை வேணும்னு முடிவு பண்ணியிருக்கோம் மேடம்."

"யாரு முடிவு பண்ணீங்க?"

"வீட்டுலதான் மேடம்." கணவருக்குச் சிகிச்சை தந்துவிட்டு மனைவியையும் பார்ப்பது முறையில்லை என்பதால், ஆலோசகராக இருக்கும் நம்பிக்கையான ஒரு தோழியின் எண்ணைக் கொடுத்தாள். பிறகு மனம் கேட்காமல், "அப்பா ஆபரேஷனுக்கு அவர் வராம இருந்தது உங்களுக்கு வலிச்சுது. அந்த வலியில பிழை எதுவும் இல்ல" என்றாள்.

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க" என்றார் அந்த அம்மாள், மரியாதையாக. தோழியிடம் ஒரு தடவை போனார். அடுத்த தடவை போகவில்லை. தோழிக்கு அனுபவம் போதாது என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

பல் டாக்டர் நன்றி மறக்காதவர். தெரிந்தவர்களிடமெல்லாம் அவளைப் பற்றிச் சொன்னார். ஒரு துணிக்கடை முதலாளி அவர் பேச்சைக் கேட்டே வந்து எதிரே உட்கார்ந்தார். வீட்டில் தினம் சண்டை, எப்படிப் பேசினால் அடங்குவார்கள் என்று தெரிய வேண்டும் என்றார்.

"முதல்ல உங்க மனைவியைத் தனியா பார்க்கணும் சார். அவங்க சம்மதிச்சா."

"எதுக்கு? டாக்டர் அப்படி எதுவும் சொல்லலையே!"

"அவருக்கு அப்படிச் செய்யல. செய்திருக்கணும்."

முதலாளி எழுந்து போனார். நேரே பெரிய டாக்டரின் அறைக்குத்தான் போனார் என்பது கதவு சாத்திய சத்தத்திலேயே தெரிந்தது. மறுவாரமே துணிக்கடை முதலாளியை, பக்கத்து அறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆலோசகரிடம் அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே முதலாளி ரொம்ப நன்றாகத் தேறி வருவதாகக் கூட்டத்தில் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.