லஞ்சம் இல்லை, மாமூல்

இப்போதெல்லாம் நாலு நாற்காலி கிடைத்தால் போதும், மீட்டிங் போட்டுவிடுகிறார்கள் என்று ரெமிஜியஸுக்கு எரிச்சல். சுதந்திரம் வந்தாலும் வந்தது, ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு மைக். வியாபார நேரத்தில் கத்திவிட்டுப் போகிறவனுக்கு எலுமிச்சம்பழம் வாடுகிற கவலை உண்டா? ஜோகுபாளையத்துச் சந்தை மொத்தமும் அங்கே கூடிவிட்டதால், அவரும் பழக்கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

பேசிக்கொண்டிருந்தவர் அனந்தபத்மநாபன். காலேஜ் புரொபசர் வேலையை விட்டுக் கவுன்சிலரானவர். சொந்தக் கட்சிக்காரர்களின் ஊழலையே சபையில் கிளறியதால் கட்சியிலிருந்து துரத்தப்பட்டவர். சந்தை இன்ஸ்பெக்டர் வசூல் செய்கிறார் என்று புகார் கொடுத்தவரும் அவர்தான். இன்று ஒருவராவது வாய் திறக்காவிட்டால் விசாரணையை மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்து நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"இவருக்கு லஞ்சம் கொடுத்தவா யாரு? பயப்படாம கை தூக்குங்கோ."

ஒரு கையும் எழவில்லை. ஊர்ப் பாஷையான கன்னடத்திலும் கேட்டுப் பார்த்தார். கீரைக்காரி ஜகதாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "லஞ்சமா? நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லீங்க சாமி."

மற்றவர்களும் ரோஷத்தோடு தலையாட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் ரெமிஜியஸால் பொறுக்க முடியவில்லை.

"லஞ்சம் கோட்டு போட்டவன் குடுக்கறது சாமி! நாங்க குடுக்கறது மாமூல்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புரொபசர் சிரிக்கவில்லை.

"யாருக்கு?"

சிரிப்பு அடங்கியது. வெற்றிலை மெல்லுவதும் நின்றது. "நோடு, பாரு தாத்தா, நாளைக்குக் கடை போட வேணாமா?" என்றார் இன்ஸ்பெக்டர், மெதுவாக.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சாக்கு விரிக்கிற இடம். பெண்சாதி கேத்தரின் செத்தபிறகு கிழவருக்கு இந்த ஊரில் மிஞ்சியது அது ஒன்றுதான். அது போனால் சோறு போயிற்று. தெரிந்துதான் இருந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லி மிரட்டியதும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"உனக்குத்தான்யா! வேற யாருக்கு, உங்க அப்பனுக்கா? ஏ ஜகதாம்பா, மாமூல் குடுத்தவ நீ தூக்குடி கைய!"

ஜகதாம்பாளின் கை எழுந்தது, பிடித்திருந்த கொத்தமல்லிக் கட்டோடு. அப்புறம் எல்லாக் கைகளும்.

மறுநாள் காலை மரத்தடியில் ஒரு வண்டிக் குப்பை கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் புரொபசர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளி முடித்துச் சாக்கை விரித்து அவரே உட்கார்ந்தார்.

"இன்ஸ்பெக்டர் வந்து என்னை எழுப்பட்டும், பார்த்துடறேன். உக்காருங்கோ பெரியவரே."

"எத்தனை நாளைக்கு?"

"அவன் போற வரைக்கும்."

"எல்லாரும் இப்பிடித்தான் சொன்னாங்க சாமி. எலக்சன் முடிஞ்சா எழுந்து போயிடுவீங்க."

கூடையை அவர் முன்னால் தொப்பென்று வைத்துவிட்டு ரெமிஜியஸ் டீக்கடைப் பக்கம் நடந்தார். பின்னால் ஒரு பெண்பிள்ளை, "எலுமிச்சை எப்பிடிப்பா?" என்று கேட்பதும், கவுன்சிலர் தொண்டையைக் கனைப்பதும் காதில் விழுந்தன.

"விலை தெரியாம ஏமாந்து குடுத்துடப் போறான்" என்று முணுமுணுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.